காட்சிக்கு வைத்த மெஷின்

மூடியைப் போட்டு ஓட்டினால் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்காது என்பார் பட்டறைக்காரர். கண்காட்சிக்குப் போக வண்டியில் சாமான் ஏற்றும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடும்.

அவர் பட்டறையில் செய்து விற்பது மாட்டுத் தீவனம் நறுக்குகிற மெஷின். ஒரு பக்கம் புல்கட்டைக் கொடுத்தால் இரண்டு உருளைகள் அதைக் கவ்வி உள்ளே இழுக்கும். சக்கரத்தில் பூட்டிய கத்திகள் நறுக்கி மறுபக்கம் தள்ளும். உருளைக்கும் சக்கரத்துக்கும் மேலே கவிழ்த்து, மூலைக்கு ஒரு போல்ட்டு போட்டு முடுக்க ஓர் இரும்பு மூடி உண்டு. மூடி இருந்தால் கை உள்ளே போகாது. கண்ணும் போகாது, அதுதான் வம்பு. கத்தி சுழல்வது தெரிந்தால்தான் வேடிக்கை பார்க்க வந்தவன் நிற்பான். நின்றவன்தான் விலை கேட்பான்.

முன்பு ஒரு வருஷம் மூடியோடுதான் ஓட்டினார்கள். எதிர் வரிசைக்காரன் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினான். கூட்டமெல்லாம் அங்கே, இங்கே நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகு கண்காட்சி மெஷின் என்றாலே மூடி இல்லாத மெஷின் என்று ஆகிப்போனது. ஆரம்பத்தில் மூடியை வண்டியில் கூடவே கொண்டுபோனார்கள். புல்கட்டு, விளம்பரத் துணி, நாற்காலி, மைக் செட்டு என்று வண்டி நிறைந்துபோக, மூடி வீட்டிலேயே தங்கிவிட்டது.

இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. காட்சிக்கு வைத்த சரக்கை யாரும் திரும்ப ஏற்றிக்கொண்டு போவதில்லை. கடைசி நாள் மாலையில் விலையைத் தட்டி, யார் தலையிலாவது கட்டிவிடுவது. அந்த வரிசையில் எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான். வாங்குகிறவரிடம், மூடியைப் பின்னாலேயே அனுப்பி வைக்கிறோம் என்று முதலில் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் விலை குறைந்த சந்தோஷத்தில் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். போகப் போக அந்த வார்த்தையும் வண்டியில் ஏறாமல் நின்றுவிட்டது.

பட்டறைக்காரரின் மனைவியை வரிசை முழுக்க அண்ணி என்றுதான் கூப்பிடும். கொழுந்தன் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. கொழுந்தனுக்கு மைக் என்றே பட்டப்பெயர். கையில் மைக் இல்லாவிட்டாலும் அதே குரல்தான், குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட ஊருக்கு அறிவிப்பது போலத்தான் சொல்வான். அண்ணன் செய்வார், தம்பி பேசுவான், அண்ணி புல்கட்டைப் பிரித்துக் கொடுப்பாள். வருகிறவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் நீட்டுவதும் அவள்தான்.

இந்த வருஷக் கண்காட்சி மழையில் மாட்டிக்கொண்டது. மைதானம் சேறாகிக் கிடந்தது. தகரக் கூரையின் கீழே துணி கட்டித் தடுத்த கடைகளுக்கு நடுவில் மரத்தூளைக் கொட்டியிருந்தார்கள், அது ஊறிக் கூழாகிவிட்டது. செருப்போடு வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கடை விதைக்காரர் மாதிரிக்கு வைத்திருந்த செடிகளெல்லாம் சாரலில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. நின்று பார்த்தவர்களிடம், செடி உங்களுக்கு வணக்கம் சொல்லுது, பதிலுக்கு ஒரு பாக்கெட்டாவது வாங்கிக்குங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் வாங்கவில்லை. பொழுது போகாமல் அண்ணியிடம் வந்து, உங்க மெஷின்ல என்னைப் போட்டு நறுக்கினா எந்த மாடாவது தின்னுமா என்று கேட்டார். கசக்கும், துப்பிடும் என்றாள் அண்ணி.

கடைசி நாள் மதியம் மழை கொஞ்சம் விட்டது. மைக் மெஷினை ஓட்டிக் காட்டினான். நின்ற சிறு கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் மட்டும் மிஞ்சினாள். கையில் துணிப்பை, மடக்கிய குடை. புடவைக் கரையெல்லாம் சேறு. வாங்க வருகிறவர்கள் கத்தியைத்தான் பார்ப்பார்கள். இவள் உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் வழக்கம்போல ஆரம்பித்தான். எத்தனை மாடு, பச்சைத் தீவனமா, உலர்ந்ததா, கிட்ட வந்து பாருங்கக்கா, கடிக்காது என்றான். மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள் என்று சொன்னாள். கிட்டே வரவில்லை. மெஷினை நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தினான். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு, அடுத்த வீட்டுச் சங்கதியைச் சொல்வது போலச் சொன்னாள். போன கண்காட்சியில் கடைசி நாள் அவள் வீட்டுக்காரர் இதே கடையில் காட்சிக்கு வைத்திருந்த மெஷினை வாங்கி வந்தாராம். நன்றாகத்தான் ஓடியதாம். மழைக்காலத்தில் ஒருநாள் ஈரப் புல் வழுக்கிக்கொண்டு நின்றதாம். அவர் கையால் தள்ளினாராம். புல்லோடு கையும் போய்விட்டது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர், இந்த மெஷினுக்கு மூடி இருக்குமே, போடலையா என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வி வீட்டுக்குக் கூடவே வந்துவிட்டது. கொட்டகையைக் கூட்டித் துடைப்பவள் இவள்தான். மூடி எங்கே என்று மாமியார் இவளைக் கேட்டாள். அந்தச் சமயம் பார்த்து இவள் பழைய இரும்புக்காரனிடம் ஓட்டை வாளி, முறிந்த மண்வெட்டி என்று வாரிப் போட்டிருந்தாள். மூடியையும் சேர்த்துப் போட்டுவிட்டாள் என்று முடிவாகிவிட்டது. என் பிள்ளை கையை எடைக்குப் போட்டவ என்று மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்கிறாளாம். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லையாம். இவள் சோற்றைப் போட்டு வைத்தால், நகர்ந்த பிறகுதான் வந்து உட்காருகிறாராம்.

"நஷ்ட ஈடு, அது இதுன்னு கேட்க வரலைங்க," என்றாள். "அந்த இரும்புக் குவியல்ல வளைஞ்ச தகடு ஒண்ணு கிடந்த மாதிரியும் இருக்கு, கிடக்காத மாதிரியும் இருக்கு. யோசிச்சு யோசிச்சு எனக்கே பிடிபடலை. மெஷினோட மூடி வந்துச்சா, வரலையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

மைக் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். பட்டறைக்காரர் பின்னால் உட்கார்ந்து கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்துதான் இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"மூடி இல்லாம எங்க மெஷின் வெளிய போகாதும்மா."

"இதுல இல்லையே."

"இது காட்டுறதுக்கு. விக்கும்போது மாட்டித்தான் தருவோம்."

அண்ணியின் மடியில் பாதி பிரித்த புல்கட்டு இருந்தது. போன வருஷ மூடி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக் கொல்லையில் கோழிக்கூட்டின் மேல் இருக்கிறது. பூனை தள்ளாமலிருக்க மேலே செங்கல் வைத்திருக்கிறாள். பொழுது சாய்ந்தால் அதைத் தூக்கித்தான் கோழிகளை உள்ளே விடுகிறாள். பச்சைப் பெயிண்டு அப்படியே இருக்கிறது. போன கண்காட்சி மெஷினுக்கும் அதே பச்சைதான்.

பால்காரப் பெண் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று அண்ணி நினைத்தாள். அவள் முகத்தில் ஏதோ இறக்கி வைத்தது போல ஒரு தெளிவு வந்தது.

"சரிங்க. அப்போ நான்தான் போட்டிருக்கேன். ஞாபகம்தான் வரலை. தெரிஞ்சிருச்சுல்ல, இனிமே யோசிக்க வேண்டாம்."

வியாபார நேரத்தில் தொந்தரவு பண்ணிவிட்டேன் என்று வேறு சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் பட்டறைக்காரர் மறுபடி கத்தியை எடுத்தார். அண்ணி புல்லைக் கீழே வைத்தாள். என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க என்று கேட்டாள். வேறு எப்படிச் சொல்ல என்று கேட்டார். உள்ளதைச் சொல்லலாமே என்றாள். உள்ளதைச் சொன்னால் நாளைக்கே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாள், நாளான்னைக்கு வக்கீல் வருவான், அப்புறம் பட்டறையும் இல்லை, கண்காட்சியும் இல்லை, உன் கோழிக்கூடுதான் மிச்சம் என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பட்டறையில் வேலை செய்கிறவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள்தான். பயம் வந்தால் மட்டும் அவருக்கு வாய் சுத்தமாகிவிடும், தன்மேல் கறையே இல்லாதது போலப் பேசுவார்.

"சொன்னா அந்த ஆளுக்கு விரல் முளைக்குமா?" என்றார்.

"முளைக்காது. அவ பழி இல்லாம சோறு திங்கலாம்."

மைக் நடுவில் புகுந்து, அண்ணே சொல்றதும் நியாயம்தான் அண்ணி, அந்த அக்காவே நிம்மதியாத்தானே போறாங்க என்றான். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் மைக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விதைக்காரர் இருமினார். அவருக்கும் எல்லாம் கேட்டிருந்தது. எல்லாக் கடையிலும் ஒரு கோழிக்கூடு இருக்கு அண்ணி, கிளறாம விடுங்க என்று தடுப்பைத் தாண்டி மெதுவாகச் சொன்னார். சிரிப்பதற்காகச் சொன்னதில்லை அது.

கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி அண்ணி வெளியே இறங்கினாள்.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் தேடினாள். பரிசு வாங்கிய மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அங்கே அவள் இல்லை. டிராக்டர்கள் நிற்கிற இடம், டீக்கடை, கழிப்பறை வரிசை, எங்கேயும் இல்லை. ஒலிபெருக்கியில் யாரோ தொலைந்துபோன குடையின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லாவிட்டால் நல்லதுதான், தேடினேன் கிடைக்கவில்லை என்று இருந்துவிடலாம் என்று அண்ணிக்கு ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்போடுதான் வாசலைத் தாண்டினாள். பஸ் நிறுத்தத்தில் சிமெண்டுத் திண்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"மூடி வரலை," என்றாள். "எங்க வீட்டுல இருக்கு. கோழிக்கூட்டு மேல கிடக்கு. உங்க வீட்டுக்கு அது வரவே இல்லை."

பால்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. ஒரு முடிவுக்கு வந்து கட்டிய மூட்டையை யாரோ அவிழ்த்துவிட்டது போலப் பார்த்தாள். அப்போ அவர் சொன்னது என்று கேட்டாள். பொய் என்றாள் அண்ணி. அவர் யார் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றாள்.

"இதை இங்க உட்கார்ந்து என்கிட்ட சொல்லி என்னங்க பண்றது?" என்றாள் அவள். "நான் போய்ச் சொன்னா, ஒரு வருஷமா யோசிச்சு இதைத்தான் கண்டுபிடிச்சியான்னு கேட்பாங்க. வீட்டுல வந்து சொல்லுங்க."

அண்ணி அதை எதிர்பார்க்கவில்லை. இவளிடம் சொல்லிவிட்டால் கடன் கழிந்தது என்றுதான் வந்தாள். கடையில் ஆள் தேடுவார்கள், மாலையில் சாமான் ஏற்ற வேண்டும் என்று இழுத்தாள். அவள் வற்புறுத்தவில்லை. சரிங்க என்றாள், மெஷின் கடையில் சொன்ன அதே சரிங்க. அதைக் கேட்டதும் அண்ணிக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள்.

ஜன்னல் அடைத்த பஸ்ஸில் ஈரத்துணி வாடை. பால்காரப் பெண் மாட்டைப் பற்றித்தான் பேசினாள். சினையாக இருந்த மாடு ஒன்று வயிற்றிலேயே கன்றை இழந்துவிட்டதையும், தீவனத்தை இப்போது அரிவாளால் நறுக்குவதையும் சொன்னாள். அவருக்கு அரிவாள் பிடிக்க வராது, கறக்கவும் வராது, எல்லாம் தன் தலையில்தான் என்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடுவில் நடுவில், அங்க வந்து பேச்சை மாத்திட மாட்டீங்களே என்று கேட்டாள். மாட்டேன் என்றாள் அண்ணி. ஒவ்வொரு தடவையும் தன் குரல் கொஞ்சம் இறங்குவது அவளுக்கே கேட்டது.

போன் அடித்தது. பட்டறைக்காரர் எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அவங்க வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன் என்றாள். யார் வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் வந்தது.

"அந்த மெஷினை யாருக்கும் கொடுத்துடாதீங்க," என்றாள். "அதுக்கும் மூடி வீட்டுலதான் கிடக்கு."

விலை பேசி முடித்தாயிற்று, நாளைக்கு நானே கொண்டுபோய் மாட்டிவிடுகிறேன் என்றார். போன வருஷமும் அப்படித்தானே என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், வீட்டுக்கு வராதேன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா எந்த முகத்தோட வரப்போறேன்னு நீயே யோசிச்சுக்கோ என்று சொல்லி வைத்துவிட்டார்.

பால்காரப் பெண்ணின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. முன்னால் ஒரே அறை, பின்னால் சமையல், அதற்கும் பின்னால் மாட்டுக் கொட்டகை. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து பால் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புது முகத்தைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு, வாங்கம்மா, உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். மகன் உள்ளே கட்டிலில் இருந்தார். வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது.

அண்ணி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். தான் யார், எந்தக் கடை, காட்சிக்கு வைக்கிற மெஷினில் ஏன் மூடி இருப்பதில்லை, போன வருஷ மூடி எங்கே கிடக்கிறது, எல்லாம் சொன்னாள். உங்க மருமக அதைக் கண்ணாலயே பார்த்திருக்க மாட்டாங்க என்றாள். மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் மருமகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"எந்த மோர்க்காரி தன் மோர் புளிக்குதுன்னு வீடு தேடி வந்து சொல்லுவா? பஸ்ல ஏறும்போதே பேசி வச்சுக்கிட்டீங்களா, இறங்கும்போது பேசினீங்களா?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லி எனக்கென்னம்மா லாபம் என்றாள். அதைத்தான் நானும் யோசிக்கிறேன் என்றாள் மாமியார். பால் காசுல எவ்வளவு கைமாறுச்சோ என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். இது இப்படித்தான் முடியும் என்று தெரிந்தவள் போல மருமகள் பையை ஆணியில் மாட்டினாள்.

மெஷின் இருக்கா, வித்துட்டீங்களா என்று கேட்டாள் அண்ணி. அதை யார் வாங்குவா, கொட்டகையிலதான் கிடக்கு என்றாள் மாமியார். அப்படியானால் வாருங்கள் என்று அண்ணி எழுந்து நடந்தாள். எங்கிருந்து அந்த வேகம் வந்ததென்று தெரியவில்லை. இத்தனை தூரம் வந்து, புருஷனைப் பகைத்துக்கொண்டு, பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்ப அவளால் முடியாது.

கொட்டகை மூலையில் மெஷின் சாக்குப் போர்த்திக் கிடந்தது. மாடுகள் திரும்பிப் பார்த்தன. அண்ணி சாக்கை இழுத்தாள். தூசி, சிலந்தி வலை. உருளைப் பக்கம் யாரும் துடைக்கவில்லை, அந்தப் பக்கம் அவளும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் மேல் சட்டத்தின் மூலைகளை மட்டும் துடைத்தாள். போல்ட்டு ஓட்டைகள் தெரிந்தன. கண்காட்சிக்கு வைக்கிற மெஷினுக்குக் கடைசியாக ஒரு பளபளப்புப் பெயிண்டு அடிப்பார்கள், அதை அடிப்பவள் அவளேதான்.

"விரலை வச்சுப் பாருங்கம்மா," என்றாள். "ஓட்டை விளிம்புல பெயிண்டு அப்படியே இருக்கு. ஒரு தடவை போல்ட்டை முடுக்கிக் கழட்டியிருந்தாலும் வட்டமா உரிஞ்சிருக்கும். இதுல ஒரு கீறல் கிடையாது. மூடி இதுல ஏறவே இல்லை."

மாமியார் குனிந்தாள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். விரலை வைத்துத் தடவினாள், ஒன்று, அப்புறம் இன்னொன்று. தடவிக்கொண்டே நின்றுவிட்டாள். பிறகு உள்பக்கம் பார்த்து மகனைக் கூப்பிட்டாள். நீ வந்து பாருடா, உனக்குத்தான் மெஷின் தெரியும் என்றாள்.

அவர் கொட்டகை வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை.

"பார்க்க வேண்டாம்," என்றார். "வாங்கிட்டு வந்த அன்னைக்கே பார்த்தேன். எண்ணெய் போடும்போது. ஓட்டை எல்லாம் சும்மா இருந்துச்சு."

மாடு ஒன்று காதை ஆட்டியது.

அவர் தரையைப் பார்த்து மேலும் கொஞ்சம் பேசினார். மலிவாகக் கிடைக்கிறதே என்று அவர்தான் ஆசைப்பட்டாராம். அம்மா வேண்டாம் என்றாளாம், இவளும் புதுசாக வாங்கலாம் என்றாளாம். ஓட்டையைப் பார்த்தபோது, கடைக்காரனைக் கேட்க மறுபடி யார் அவ்வளவு தூரம் போவது என்று விட்டுவிட்டாராம். கை போன பிறகு சொன்னால் எல்லாரும் தன்னைத்தானே சொல்வார்கள் என்று இருந்துவிட்டாராம். அதற்குள் பேச்சு இரும்புக்காரன் பக்கம் போய்விட்டது.

மாமியார் நிமிர்ந்தாள். அண்ணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது என்ன வரப்போகிறதோ என்று.

"சரி விடு," என்றாள் மாமியார் மகனிடம். "கையைக் கொடுத்தவன் நீ. அந்த வேதனையில என்ன ஞாபகம் இருக்கும், என்ன இருக்காது. நடந்தது நடந்துபோச்சு. உள்ள போய் உட்காரு, சாரல் அடிக்குது."

ஒரு வருஷமாக ஆறாத பேச்சு ஒரு மூச்சில் ஆறிவிட்டது. மகன் உள்ளே போனார். போகும்போது மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாமியாரும் அவர் பின்னாலேயே போனாள். அண்ணியைத் தாண்டும்போது, சாப்பிட்டுட்டுப் போங்கம்மா என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள்.

பால்காரப் பெண் சாக்கை எடுத்து மெஷின்மேல் பழையபடி போர்த்தினாள். மூலைகளை இழுத்துச் சரிசெய்தாள். வாளியைக் கழுவி எடுத்து வந்து முதல் மாட்டின் பக்கத்தில் குந்தினாள். மடியைத் துடைத்தாள். பால் வாளியில் பீய்ச்சுகிற சத்தம் ஆரம்பித்தது.

அண்ணிக்குப் போகவும் தோன்றவில்லை, நிற்கவும் தோன்றவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இனிமே உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்று சொன்னாள். அது அவள் காதுக்கே கண்காட்சிப் பேச்சு மாதிரி இருந்தது.

அவள் மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்தபடி கறந்துகொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை.

"அவர் என்கிட்ட பொய் சொல்லும்போது நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமா."

"அப்பவே ஏன் சொல்லலை?"

அண்ணி என்னென்னவோ யோசித்தாள். பட்டறை, வக்கீல், வரிசையில் எல்லாரும் என்று எதை எடுத்தாலும் நீளமாக இருந்தது.

"பயமா இருந்துச்சு," என்றாள்.

"ம்," என்றாள் அவள். "இவரும் ராத்திரி அதைத்தான் சொல்லப்போறார்."

பால் சத்தம் மெலிந்தது. அவள் மடியை ஒருமுறை தடவிக்கொடுத்தாள், மறுபடி இழுத்தாள். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்றாள். "பழகாத ஆள் பக்கத்துல நின்னா மாடு பாலை அடக்கிக்கும்."